தாமரைத் துறை முடிச்சு

தாமரை அடர்ந்த பெரிய ஏரி ஒன்று. அதில் மீன் பிடித்துப் பிழைக்கும் பறவைகள் ஏராளம். யார், எந்தத் துறையில், எப்போது மீன் பிடிக்கலாம் என்பதற்கு விதிகள் இருந்தன. அந்த விதிகளைக் கரையோர நாணலில் முடிச்சுகளாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஏரியில் அவற்றைத் தடவிப் படிக்கத் தெரிந்தது ஓர் ஆமைக்கு மட்டும்தான்.

ஆமையின் வேகம்தான் ஊருக்கே தெரியுமே! விடிந்ததும் வரிசையில் நின்றால், உச்சி வெயிலில்தான் பதில் வரும்.

"ஆமையண்ணே, கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்!" என்று கரிச்சிறகி என்ற நீர்க்காகம் அழாக்குறையாகக் கேட்டது.

"அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே, தாயீ" என்று சொல்லி, ஆமை அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தது.

ஏரியின் தலைவரான நாரைக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு மைனாவை அழைத்து வந்தது. பல காடுகளின் பேச்சைக் கேட்டும், அங்கங்கே உள்ள முடிச்சுகளைப் படித்தும் வளர்ந்த மைனா அது. எதைக் கேட்டாலும் நொடியில் கோத்துச் சொல்லிவிடும். 'தெரியாது' என்ற சொல் மட்டும் அதன் வாயில் வந்ததே இல்லை.

"இந்த முடிச்சுகளை எல்லாம் பாட்டாக மாற்ற எத்தனை நாள் ஆகும்?"

"நாளா? மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறேன், தலைவரே!"

சொன்னபடி செய்தது. ஆனால் ஒரே ஒரு முடிச்சில் தாமரை நூல் சுற்றியிருந்தது. மைனா ஒரு நொடி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு, "தாமரைத் துறை எந்நாளும் திறந்த துறை!" என்று இனிமையாகப் பாடிவிட்டது.

அது மழைக்காலம். அந்த நேரத்தில் தாமரை இலைகளுக்கு அடியில் ஒரு விரால் தன் குஞ்சுகளுக்குக் காவல் நின்றது. அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. பாவம், அதற்கு முடிச்சும் தெரியாது, பாட்டும் தெரியாது.

"தலைவரே, மூன்று நாள் பாட்டும் இருக்கட்டும், முடிச்சும் இருக்கட்டும். இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா பார்ப்போம்" என்றது ஆமை.

"வேலை போய்விடும் என்று பயமா?" என்று நாரை சிரித்தது. "சரி, மூன்றே நாள்!"

இரண்டு நாள் எல்லாப் பதிலும் பொருந்தி வந்தது. கரிச்சிறகியின் குஞ்சுகள் நேரத்துக்குச் சாப்பிட்டன. ஆமைக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். தடவித் தடவி அதன் விரல்கள் தேய்ந்து போயிருந்தன.

மூன்றாம் நாள் கரிச்சிறகி தாமரைத் துறைக்குப் போகலாமா என்று கேட்டது.

"போகலாம்!" என்றது மைனா.

"மழைக்காலத்தில் அங்கே போகக் கூடாது!" என்றது ஆமை.

"ஏன் கூடாது?" என்றது நாரை.

ஆமை தலைகுனிந்தது. "எனக்கு முன்னால் யாரோ போட்ட முடிச்சு. காரணம் எனக்கும் தெரியாது, தலைவரே."

"காரணம் தெரியாத விதி எதற்கு? கரிச்சிறகி, நீ போ!"

கரிச்சிறகி பறந்து போய்த் தாமரைத் துறையில் மூழ்கியது. எதிரே கொழுத்த விரால்! அது ஓடவில்லை. அதன் தலைக்கு மேலே சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள் மொய்த்திருந்தன.

"ஏன் ஓடாமல் நிற்கிறாய்?"

"நான் ஓடிவிட்டால் இவர்களை யார் பார்ப்பது, அக்கா? இன்னும் ஒரு மாதத்தில் தாமாகவே பிழைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு வந்து என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இங்கே யாரும் வர மாட்டார்கள் என்று நம்பித்தானே முட்டையிட்டேன்!"

கரிச்சிறகியின் அலகு திறந்தபடி நின்றது. அதன் வயிறும் காலி, கூட்டில் மூன்று வயிறும் காலி. ஆனாலும் பெற்றவளுக்குப் பெற்றவளின் வலி தெரியாதா? அலகை மூடிக்கொண்டு வெறுமனே திரும்பி வந்து, நடந்ததைச் சொன்னது.

மைனாவின் இறகுகள் தொங்கிப் போயின. "அந்த முடிச்சு எனக்குப் புரியவே இல்லை. அதைச் சொல்லாமல் வாயில் வந்ததைப் பாடிவிட்டேன்."

"துரத்துங்கள் இந்த மைனாவை!" என்று நாரை கத்தியது.

"வேண்டாம், தலைவரே!" என்று கரிச்சிறகி குறுக்கே வந்து நின்றது. "இரண்டு நாள் என் பிள்ளைகள் பசியில்லாமல் தூங்கினார்கள். பாட்டு இருக்கட்டும். தெரியாத இடம் வந்தால் மைனா தெரியாது என்றே பாடட்டும். ஆமையண்ணன் தண்ணீருக்குள் இறங்கி, அங்கே வாழ்கிறவர்களையே கேட்டு வரட்டும்."

நாரைக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து போய், தான் பிடித்து வைத்திருந்த மூன்று மீன்களைக் கரிச்சிறகியின் கூட்டில் வைத்துவிட்டு வந்தது.

பாட்டை முதலிலிருந்து திருத்த உட்கார்ந்தார்கள். ஓர் இடத்தில் மைனா நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது எனக்குத் தெரியாது!" என்று பாடியது.

"இதுதான் உன் பாட்டிலேயே நல்ல அடி!" என்று சிரித்தபடி ஆமை தண்ணீருக்குள் இறங்கியது.

ஒரு மாதம் கழித்து விரால் குஞ்சுகள் ஏரியெங்கும் பிரிந்து போயின. அவற்றில் சில, பின்னாளில் கரிச்சிறகியின் பிள்ளைகளுக்கே இரையானது உண்மைதான். ஏரி என்றால் அப்படித்தான். மற்றவை பெருகி, ஏரியை நிறைத்தன.

காரணம் புரியாத பழைய விதியை அவிழ்க்கும் முன், அது யாரைக் காக்கிறது என்று கேட்டறிய வேண்டும்.