பத்து நாழிகைச் சக்கரம்

உப்பு வண்டிகள் வரிசையாக மலையேறிய அந்தப் பழைய நாளில், கணவாய் அடிவாரத்தில் இரண்டு வண்டித் தச்சர்கள் எதிரெதிரே பட்டறை போட்டிருந்தார்கள், கேளுங்கள். ஒருவன் கீரன். மற்றவன் அந்துவன்.

இருவருக்கும் கைத்திறமை சமம். ஆனால் கீரன் சொன்ன நாழிகையில் வேலையை முடிப்பான் என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு அந்துவனுக்கு வயிறு எரிந்தது.

எதிர்ப் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கும் நேரத்தை மட்டும் அவன் எண்ணினான். சத்தம் நின்றால் கீரன் தூங்குகிறான் என்று முடிவுகட்டினான். கீரன் மரத்தைத் தட்டிப் பார்ப்பதும், இரும்பு நெருப்பில் காயக் காத்திருப்பதும் அவன் கணக்கில் வரவே இல்லை. பொறாமைக்காரன் கணக்கு அப்படித்தான்.

முதலில் ஒரு கடையாணி வேலை வந்தது. கீரன் இரண்டு நாழிகை என்றான். அந்துவன் ஒன்று என்றான். வியர்க்க விறுவிறுக்க முடித்தும்விட்டான்.

அடுத்து ஓர் ஆரக்கால். கீரன் ஆறு என்றான். அந்துவன் மூன்று என்றான். ஆறாம் நாழிகையில்தான் முடிந்தது. வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மூன்றாவதாக வெண்ணி வந்தாள், உப்பு விற்பவள். வண்டி நிறைய முப்பது மூட்டை, அவளுடைய ஓராண்டுப் பிழைப்பு. சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றிருந்தது.

"மேற்கே கறுத்திருக்கு. எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நாழிகைம்மா. மூட்டையைச் சாவடியில இறக்கி வெச்சிருங்க" என்றான் கீரன்.

"எதுக்கு இறக்கணும்? அஞ்சே நாழிகை, மழைக்கு முன்னாடி ஊர் போயிரலாம்" என்றான் அந்துவன்.

வெண்ணி நம்பினாள். பொதியோடு வண்டிக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினான் அந்துவன்.

ஐந்தாம் நாழிகையில் பட்டை இன்னும் நெருப்பில் கிடந்தது. "இதோ ஆயிருச்சு" என்று வெண்ணியிடம் சொல்லிச் சொல்லி ஊதினான், திட்டினான், மறுபடி ஊதினான். இரும்பு தன் நேரத்துக்குத்தான் பழுத்தது. எட்டாம் நாழிகையில் மழை கொட்டியது. கீரன் ஓடிவந்து வெண்ணியோடு மூட்டை சுமந்தான். மூன்றுதான் தேறின. மற்றதெல்லாம் மழையில் கரைந்து ஓடியது.

பத்தாம் நாழிகையில் சக்கரம் ஏறியது. அருமையான வேலை.

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெண்ணி. "பத்துன்னு நீங்களும் சொல்லியிருந்தா என் உப்பு சாவடியில இருந்திருக்கும்."

ஏறக்குறைய வெறும் வண்டியாக அது உருண்டு போனது. அந்துவன் மழையில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தவனை முந்தும் பொறாமையில் நேரத்தைக் குறைத்துச் சொல்பவன், தன்னை நம்பி வந்தவரின் வாழ்வைக் கெடுக்கிறான்.