வெல்லமும் வெற்றிலையும்

ஏறப்போன ஜமீன்தாரைக் குதிரை உதறித் தள்ளியது. வெற்றிலை மடித்துக் கொடுக்கும் குருவம்மாள் சிரித்துத் தொலைத்தாள்.

“சிரிக்கிறியா? எட்டு நாள்ல இதை அசையாம நிக்க வை. இல்லேன்னா வேலையை விட்டு ஓடு!” அவர் போட்ட கூச்சலில் குதிரை இன்னும் மிரண்டது.

அது கால் மாற்றாமல் நின்ற போதெல்லாம் குருவம்மாள் ஒரு துண்டு வெல்லம் ஊட்டினாள். ஜமீன்தாரோ லாயத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினார். கத்தினால், “சத்தத்துல கை நடுங்குது எசமான்” என்று வெற்றிலைப் பெட்டியை மூடிவிடுவாள். குரல் தணிந்தால்தான் மடித்து நீட்டுவாள்.

எட்டாம் நாள் குதிரை சிலையாக நின்றது. ஏறி உட்கார்ந்தவர், “இதுக்கா எட்டு நாள்?” என்றார்.

“குதிரை ரெண்டே நாள்ல பழகிடுச்சு எசமான். மிச்ச ஆறு நாளும் உங்களுக்குத்தான் ஆச்சு.”

ஜமீன்தார் கத்த வாயைத் திறந்தார். பெட்டி டப்பென்று மூடியது.

“குருவம்மா,” என்றார் மெதுவாக, “ஒரு வெத்தலை கொடும்மா.”