மணல்குடி ஆடாத இறுதிப் போட்டி

மூன்று வருடமாகத் தொம்மை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்பம் விசில் குடுப்பீங்க, டீச்சர்?"

டீச்சர் என்றால் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கால்பந்து ரெஃப்ரி ஆக விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். தொம்மையைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவும் விடுவார்.

தொம்மை மணல்குடி அணிக்குப் பதினெட்டு வருடம் தடுப்பாட்டத்தில் ஸ்டாப்பராக நின்றவர். முழங்கால் போன பிறகும் வீட்டில் உட்கார மனம் வரவில்லை. ஆட முடியாவிட்டால் என்ன, விசிலோடாவது களத்தில் நிற்பேன் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார். விதிகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ரெஃப்ரி தேர்வுக்குப் போக, ஃபாரத்தில் டீச்சரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாற்பத்திரண்டு வயதைத் தாண்டினால் தேர்வுக்குச் சேர்க்கமாட்டார்கள். தொம்மைக்கு ஆகஸ்டில் நாற்பத்திரண்டு முடிகிறது. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு வாங்க. வரும்போது ஃபாரத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார் டீச்சர்.

தொம்மையின் முகம் சுண்டிவிட்டது. ஈஸ்டர் கோப்பை அரையிறுதியில் மணல்குடி முத்துத்துறையிடம் தோற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முத்துத்துறையின் நாலாம் நம்பர் ஆட்டக்காரன் முழங்கையால் இடித்ததில் மணல்குடிப் பையன் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. ரெஃப்ரி அதைப் பார்க்கவில்லை. அடுத்த நிமிடமே கோல் விழுந்தது. இப்போது இறுதிப் போட்டி முத்துத்துறைக்கும் செம்மண்விளைக்கும்.

"நம்ம ஊரு ஆடாத ஃபைனல்ல எனக்கு என்ன சோலி, டீச்சர்?"

"அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

தொம்மை கொஞ்சம் யோசித்தார்.

"அதுவும் சரிதான். எனக்கு இப்பம் ரெண்டு ஊரும் ஒண்ணுதான். யாரு ஜெயிச்சா எனக்கு என்ன?"



ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. மணல்குடிக்காரர்களும் லாரி பிடித்து வந்திருந்தார்கள். சொந்த அணி தோற்ற பிறகு அவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம். முத்துத்துறை தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் செம்மண்விளைக்காரர்களைவிடப் பெரிய செம்மண்விளைக்காரர்களாக இருந்தார்கள்.

டீச்சர் கேலரியில் தொம்மையை அவர்களுக்கு நடுவிலேயே உட்காரவைத்தார். இரண்டு பொட்டலம் கடலை வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டினார். தொம்மை ஒரு கடலையை எடுத்து வாயில் போடப் போனார்.

"தின்ன இல்ல, அண்ணே. நீங்க ரெஃப்ரியா இருந்தா எங்கெங்க விசில் ஊதுவீங்களோ, அங்க ஒரு கடலை வையுங்க. முத்துத்துறை செஞ்ச தப்புக்கு வலப்பக்கம். செம்மண்விளை செஞ்ச தப்புக்கு இடப்பக்கம். நானும் வைக்கேன்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ஆட்டம் தொடங்கியது. தொம்மை சுறுசுறுப்பாகக் கடலை வைத்தார். முப்பதாவது நிமிடத்தில் செம்மண்விளை ஒரு கோல் போட்டது. மணல்குடிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். தொம்மை குதிக்கவில்லை. குதிக்காமல் இருந்ததில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இடைவேளை விட்டதும் டீச்சர் குனிந்து பார்த்தார். தொம்மையின் வலப்பக்கம் பதின்மூன்று கடலை. இடப்பக்கம் ஒன்று. டீச்சரிடம் வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஆறு.

"முத்துத்துறைப் பயலுவ முரட்டு ஆட்டம் ஆடுதானுவ, டீச்சர். நான் என்ன செய்ய?"

"இருபதாவது நிமிஷம் செம்மண்விளை ஆறாம் நம்பர் ஒருத்தனைக் காலைத் தட்டி விட்டான். நமக்கு நேர் முன்னால."

"நான் பாக்கலியே."

"நீங்க அப்பம் முத்துத்துறை நாலாம் நம்பரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தொம்மை நினைத்துப் பார்த்தார். உண்மைதான்.

"அப்பம் அந்த நாலாம் நம்பர்கிட்ட பந்து இருந்துச்சா?" என்று அவரே கேட்டார்.

"இல்ல."

தொம்மைக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் சிலருக்குக் கூடவே கோபமும் வரும். தொம்மை அந்த ரகம்.

"செம்மண்விளை உங்க மாமியார் ஊரு. உங்க கொழுந்தன்தான் அங்க கோல் கீப்பர். உங்களுக்கு மட்டும் பக்கம் இல்லியோ?"

"இருக்கே."

டீச்சர் இடது கையை விரித்தார். அதற்குள் நாலு கடலை. இறுக்கிப் பிடித்ததில் தோல் உரிந்து, வியர்வையில் நனைந்திருந்தன.

"இது என்னது?"

"முத்துத்துறைப் பக்கம் வைக்கப் போன கடலை. நாலு தடவையும் அங்க தப்பு ஒண்ணும் நடக்கல. கை மட்டும் போயிட்டு. புடிச்சு வச்சிக்கிட்டேன்."

தொம்மை எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன், டீச்சர்."

"உங்க இஷ்டம். இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷ ஆட்டம் இருக்கு."

தொம்மை படியிறங்கிப் பாதி தூரம் போனார். கீழே ரெஃப்ரி தண்ணீர் குடித்துவிட்டு வெயிலுக்குள் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்தாரும் அவரைத் திட்டினார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடுக்கோட்டில் போய் நின்றார். அந்த இடத்தில் நிற்கத்தான் தொம்மை மூன்று வருடம் ஓடியிருந்தார். திரும்பி ஏறி வந்து உட்கார்ந்தார்.

"தெக்கேயிருந்து வடக்கு வரைக்கும் பாக்கேன், டீச்சர். இனி ஒருத்தனை விடமாட்டேன்."

இரண்டாம் பாதி தொடங்கியது. மச்சினன் லூர்து பின்னாலிருந்து முறுக்கு நீட்டினான், வாங்கவில்லை. நாலாம் நம்பர் பந்தைத் தொடும்போதெல்லாம் கை வலப்பக்கம் போனது. பாதி வழியில் நிறுத்தினார். விரல் மடங்கியது. மறுபடி போனது, மறுபடி நிறுத்தினார். பதினெட்டு வருடம் எதிராளியை மறித்து நின்றபோதுகூட அவருக்கு இப்படி மூச்சு வாங்கியதில்லை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது முத்துத்துறைக்குக் கார்னர் கிடைத்தது. நாலாம் நம்பரும் மேலே ஏறி வந்திருந்தான். பந்து வந்தது. அவன் எழும்பினான். செம்மண்விளை ஆட்டக்காரன் ஒருவன் பின்னாலிருந்து அவன் பனியனைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். குறுக்கே ஆட்கள் நின்றதால் ரெஃப்ரிக்கு அது தெரியவில்லை.

"பெனால்டி!"

கத்தியது தொம்மை. எழுந்து நின்று கையை நீட்டிக் கத்தினார். சுற்றியிருந்த மணல்குடி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"யோவ் மச்சான், உமக்குக் கிறுக்கா?" என்றான் லூர்து. "நம்ம பயல் உதட்டைக் கிழிச்சவன்யா அவன்!"

"பனியனைப் புடிச்சு இழுத்தான்லே. பெனால்டிதான்."

"நீரு யாரு கட்சி?"

தொம்மை உட்கார்ந்தார். இடப்பக்கம் ஒரு கடலை வைத்தார்.

ரெஃப்ரி விசில் ஊதவில்லை. முத்துத்துறை தோற்றது. மணல்குடிக்காரர்கள் ஊர்வலமாக லாரிக்குப் போனார்கள். ஆடாத கோப்பையை அவர்கள் ஜெயித்திருந்தார்கள். லூர்து தொம்மையைக் கூப்பிடக்கூட இல்லை. அவரை விட்டுவிட்டே லாரி கிளம்பியது.

கேலரி காலியாகிவிட்டது. டீச்சர் கடலையை எண்ணவில்லை. கையை நீட்டி ஃபாரத்தைக் கேட்டார். தொம்மை கொடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும், டீச்சர். அவன் கீழ விழுந்தப்பம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்குப் பொறவுதான் கத்தினேன். முத்துத்துறை தோத்தது இந்த நிமிஷமும் சந்தோஷமாத்தான் இருக்கு. தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க."

டீச்சர் ஃபாரத்தை அவர் கையிலிருந்து எடுத்தார். முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

தொம்மை அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் பாக்குத புத்தி எப்பம் என்னைவிட்டுப் போகும், டீச்சர்?"

"போகாது, அண்ணே. போயிட்டுன்னு உங்களுக்குத் தோணுத அன்னைக்கு, விசிலைக் கொண்டாந்து என்கிட்டயே குடுத்துருங்க."