ஐந்து தலைமுறைத் தழும்பு

உலகத்தில் எல்லோருக்கும் பாட்டன் உண்டு. ஆவுடையப்பனுக்குத்தான் அது தலைக்கேறிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே குடும்ப வரலாறு ஆராய்கிறேன் என்று கிளம்பியவர், தாலுகா ஆபீஸ், கல்வெட்டு, கோயில் குருக்கள் என்று ஒரு இடம் விடவில்லை. கிடைத்தது கைப்பிடி, அளந்தது மூட்டை மூட்டையாக.

அன்றைக்கு அம்பாசமுத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். மகன் சபேசனுக்கு முன்மண்டை வழுக்கையான பிறகு ஒருவழியாகப் பொருந்தி வந்த ஜாதகம். "பஜ்ஜி திங்க மட்டும் வாயைத் திறங்க" என்று மனைவி கோமதி காரிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

பெண்ணின் அப்பா உலகநாதன் பேச்சுக்கு, "அண்ணாச்சிக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டுத் தொலைத்தார். கோமதி புருஷனை முறைத்தாள்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் பொதிகை மலையில ஒரு புலியைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. அது பிறாண்டுன தழும்பு அஞ்சு தலைமுறையா எங்க ரத்தத்துல வருது. இந்தா, பாருங்க!" ஆவுடையப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்.

"தழும்பு பரம்பரையா வருமா?" என்றார் உலகநாதன்.

"புலித் தழும்பு வரும். அவரு மீசை இருக்கே, ஒரு முனையில துணி காயும், மறுமுனையில கிளி குஞ்சு பொரிக்கும். அவரோட அப்பா அதுக்கும் மேல. மேக்க பாத்து ஓடிட்டிருந்த தாமிரபரணியை ஒரு அதட்டுப் போட்டாரு. அன்னைக்குத் திரும்பினது, இன்னமும் கிழக்க பாத்துதான் ஓடுது."

"மேக்க மலைல்லா இருக்கு? ஆறு மலை மேலயா ஏறுச்சு?"

"அதனாலதான் அதட்டினாரு!"

உலகநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குக் குலதெய்வம் எந்த சாஸ்தா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எது, சொல்லுங்க."

"ஆலடி சாஸ்தா."

கோமதி புருஷன் காலை மிதித்தாள். மிதித்துப் பலனில்லை. "அட! அந்தக் கோயிலைக் கட்டினதே எங்க பாட்டன்தானே! சாஸ்தா ஏறுத குதிரைக்குக் கொள்ளு எங்க வீட்டுலருந்துதான் போச்சு!"

உலகநாதன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கோயிலைக் கட்டினவரு வம்சம்தான் நாங்க. அப்ப நாம பங்காளி. பிள்ளைங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி. காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

சபேசன் வாயில் பஜ்ஜி அப்படியே நின்றது. அதுவரை அவனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். கோமதிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆவுடையப்பன் மகன் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... கோயில் கட்டினது எங்க பாட்டன் இல்ல."

"குதிரைக்குக் கொள்ளு?"

"வாங்கித் திங்கவே எங்களுக்கு வக்கில்ல."

"ஆறு?"

"அது தானாத்தான் ஓடுது."

"மீசை?"

"அவரு மழுமழுன்னு இருப்பாரு." ஆவுடையப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினார். "புலி மட்டும் எங்களுக்கு இருக்கட்டுமே, சம்பந்தி."

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"அந்தத் தழும்பு போன தை மாசம் எங்க வீட்டுப் பூனை பிறாண்டுனது, அண்ணாச்சி. நீங்க தட்டு மாத்துத தேதியைச் சொல்லுங்க."