கொண்டைப்பாறையில் என்ன இருக்கிறது?

மலை வந்து கடலோடு முடிகிற ஊர் அது. அங்கே சடையன் ஆசானுக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் தாணுப்பிள்ளைக்கு அறுபது. சர்வே ஆபீசில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்து அளந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஞானம் தேடி வந்தவர். ஞானம் வந்ததோ இல்லையோ, அளக்கும் புத்தி போகவில்லை.

ஊர்ப் பொதுமலையில் ஒரு பாறையைக் கல் உடைக்கக் குவாரிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். எதைக் கொடுக்கலாம் என்று பார்த்து எழுதித் தரும் வேலை பிள்ளைக்கு வந்தது. மனுஷன் மூன்று மாதம் மலையிலேயே கிடந்தார். ஊற்று பதினொன்று. தேனடை தொங்கும் பாறை நான்கு. கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற சரிவு, பிரம்புக் காடு, கடுக்காய் மரங்கள், ஓடு சுட ஏற்ற செம்மண். எழுத எழுத அவருக்கு மனசு நிறைந்தது. நம்ம மலை எவ்வளவு பெரிய சொத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உச்சியில் நிற்கும் கொண்டைப்பாறைக்கு நேரே மட்டும் "ஒன்றுமில்லை" என்று எழுதினார்.

"ஆசானே, நாளைக்கு ஊர்க்கூட்டம். கொண்டைப்பாறையைக் குடுத்திரலாம்னு சொல்லப்போறேன். ஒரு புல்லுகூட அதுல முளைக்கல."

"முழுசும் பாத்தாச்சா, அண்ணாச்சி?"

"ஒரு அடி விடல."

"அப்போ வாங்க, மீன் பிடிக்கப் போவோம்."

பிள்ளை மீனைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் ஆசான் சொன்னால் சொன்னதுதான். மீன் பிடிக்கிற ததேயுவின் வள்ளத்தில் இருவரும் ஏறினார்கள்.

கரை சிறுத்துப் போனது. ததேயு தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க மலைமேல் இருந்தது. கொஞ்சம் தெற்கே தள்ளினார், கொஞ்சம் உள்ளே போனார், மறுபடியும் மலையைப் பார்த்தார்.

"மீன் கடல்லல்லா இருக்கு? மலையில என்ன பாக்கேரு?" என்றார் பிள்ளை.

"கணியம் பாக்கேன், சாரே. கோயில் கோபுரத்துக்கு நேர் மேல அந்தக் கொண்டை வந்து நிக்கணும். வடக்க ஒத்தப் பனைக்கு மேல கூம்புமலை நிக்கணும். ரெண்டும் ஒத்து வந்தா, நமக்கு அடியில பாறைத்திட்டு. மீனுக்கு அதுதான் வீடு."

தூண்டிலை இறக்கினார். இரண்டு நிமிஷத்தில் முழ நீளத்துக்கு ஒரு மீன் துள்ளிக்கொண்டு வந்தது. பிறகு இன்னொன்று.

பிள்ளை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து ஊற்றும் தெரியவில்லை, தேனும் தெரியவில்லை. கொண்டைப்பாறை மட்டும் பளிச்சென்று நின்றது.

"ததேயு, அந்தக் கொண்டை இல்லாமப் போனா?"

ததேயு சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீரு! மலை எங்க போகும், சாரே?"

"நாளைக்குக் கூட்டத்துக்கு வாரீரா?"

"என்ன கூட்டம்? நாங்க காலையில கடல்லல்லா இருப்போம்."

பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. கூட்டத்துக்குக் காலை பத்து மணி என்று நேரம் குறித்ததே அவர்தான்.

கரை ஏறியதும் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். "ஒன்றுமில்லை" என்பதை அடித்தார். அந்த மட்டில் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"ஆசானே, இதையெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா மூணு மாசம் பேசாம இருந்தீங்க?"

"எனக்கு எங்க தெரியும்? போன வாரம்தான் சும்மா ததேயுகூடப் போனேன்."

பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அடித்த இடத்துக்கு மேலே எழுதினார்.

"சரி, கொண்டைப்பாறைக்கு நேரே மீன்னு எழுதிட்டேன். அப்போ கல்லு உடைக்க எந்தப் பாறையைக் குடுக்க?"

"மலையில என்ன இருக்குன்னு எழுதினது போதும், அண்ணாச்சி. இன்னும் யாரையெல்லாம் கேக்கலைன்னு எழுதுங்க."