பசி என்று வராத யானை

முன்னொரு காலத்தில் கொன்றைச் சீமையை விசயகண்டன் என்ற ராசா ஆண்டுவந்தான். மூன்று வருஷம் மழை பொய்த்தது. வரி வரவில்லை. கடைசியில் அரசியின் ஒட்டியாணமே விலைக்குப் போயிற்று.

அன்று பிடித்தது ராசாவுக்குச் சந்தேகம். மோர் நீர்த்திருந்தால், "பாலை எவன் குடித்தான்?" என்பான். யாராவது சிரித்தால், "எதைத் திருடிவிட்டுச் சிரிக்கிறான்?" என்று யோசிப்பான்.

அரண்மனைச் செலவைக் கவனித்த மணியக்காரர் கோமளநாதருக்கு மந்திரி இளந்தத்தரைக் கண்டாலே ஆகாது. சிக்கனம் என்று குதிரைக்காரர்களின் கஞ்சியை நிறுத்திய மணியக்காரர், ராசாவின் காதில் மெல்லப் போட்டார்: "பிரபு, கஞ்சியை நிறுத்தியும் செலவு குறையவில்லை. மந்திரி வீட்டில் மட்டும் நெய் மணக்கிறதாமே!"

ராசாவுக்குத் தூக்கம் போயிற்று. மந்திரியை அழைத்தான்.

"பத்தே நாள். அரண்மனைச் செலவு பாதியாக வேண்டும். ஒருவர் வயிறும் காயக்கூடாது. தவறினால் நீர்தான் திருடன் என்று முடிவு கட்டுவேன்."

"அப்படியே, பிரபு. களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு வாசலில் தாங்களே உட்காருங்கள். வேண்டியவர் வந்து, யாருக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கட்டும்."

இதில் என்ன சூழ்ச்சியோ என்று ராசாவுக்கு உறுத்தியது. ஆனாலும் உட்கார்ந்தான். சமையற்காரி சடைச்சி அரிசி கேட்டாள். குதிரைக்காரர்கள் குதிரைகளுக்குக் கொள்ளும், தங்கள் கஞ்சிக்குத் தானியமும் கேட்டார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்துத்தான் அளந்து கொடுத்தான்.

பதினோராம் நாள் பார்த்தால், வந்த சரக்கில் பாதி அப்படியே கிடந்தது. வாசலில் கரும்புக் கட்டுகள் மலையாகக் குவிந்து வாடியிருந்தன.

"இவ்வளவு கரும்பு யாருக்கு?"

"பட்டத்து யானைக்கு, பிரபு. தினம் முப்பது கட்டு" என்றார் மந்திரி.

"அது செத்து ஆறு வருஷம் ஆயிற்றே!"

"அதனால்தான் பசிக்கிறது என்று வந்து கேட்கவில்லை."

"அப்படியானால் இத்தனை நாளும் தின்றது யார்?"

சடைச்சி சொன்னாள்: "தின்றது யாரென்று தெரியாது, மகாராசா. ஏற்றிப்போனது மணியக்காரர் வீட்டு வண்டி."

கோமளநாதருக்கு வேர்த்தது. "அது... யானையின் நினைவாக..."

"முப்பது கட்டும் நினைவாகவா?" ராசா சீறினான். அந்தக் கணமே அவர் பதவி போயிற்று. ஆறு வருஷக் கரும்புக்கும் அவர் தோட்டம் ஈடாயிற்று.

ஆனால் ராசாவின் கண் களஞ்சியத்துக்குள் போயிற்று. "அந்த நெய்க்குடங்கள், ஏலக்காய், குங்குமப்பூ? இதெல்லாம் எந்தத் திருடனுக்கு?"

மந்திரி தலை குனிந்தார்.

"சொல்லும்!"

"தங்களின் பதினெட்டு வகை விருந்துக்கு, பிரபு. பத்து நாளும் இங்கேயே மோர்ச்சோறு சாப்பிட்டீர்கள். அதைக் கேட்கத் தங்களுக்கே தோன்றவில்லை."

ராசாவின் முகம் சிவந்தது. பிறகு வெட்கச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"உம்மைச் சந்தேகப்பட்டேனே, இளந்தத்தரே! யாரங்கே, புதிதாக ஒரு பட்டுச் சால்வை..." என்று ஆரம்பித்தவன் மந்திரியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தன் தோளில் கிடந்ததையே எடுத்து அவருக்குப் போர்த்தினான்.