நடுப்புல்

கேளுங்கள். மலைகளுக்குப் பெயர் வைக்க மனிதர் வராத காலம் அது. ஒரு மலையடிவாரப் புல்வெளியில் மான்கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. நடுவில் இளம்புல். அங்கே பெரிய கொம்புக்காரர்கள் மேய்வார்கள். ஓரத்தில் முற்றிய புல். அங்கே மற்றவர்கள், புலி பதுங்கும் புதருக்குப் பக்கத்தில்.

புலி வந்தால் ஓரத்து மான் கத்த வேண்டும். உடனே எல்லோரும் முள்காட்டுக்குள் ஓட வேண்டும். அதுதான் வழக்கம். மற்ற மான்கள் புலியைக் கண்ணால் கண்ட பிறகுதான் கத்தும். கோணக்காதி என்கிற பெண்மானோ புதர் அசையும் முன்பே மோப்பம் பிடித்துவிடுவாள். அவளுக்கு ஒரே குட்டி. அதுதான் அவள் உயிர்.

ஒருநாள் புலி வந்தது. கோணக்காதி கத்தினாள். ஓடினார்கள். ஒருவரும் சாகவில்லை. ஆனால் கொம்புக்காரர்களுக்குக் கொம்பு முள்ளில் சிக்கிக்கொண்டது. "இவளால ஒருவேளைச் சாப்பாடு போச்சு" என்று கருவினார்கள்.

மறுநாளும் புலி வந்தது. கத்தினாள். அன்றும் ஒருவரும் சாகவில்லை. கொம்புக்காரர்கள் அவளை முட்டித் தள்ளினார்கள். விலாவில் ரத்தம் வழிய, "கொன்னாலும் கத்தத்தான் செய்வேன்" என்றாள். பக்கத்தில் மேயும் தவிட்டி அவள் புண்ணை நக்கிக்கொடுத்தாள். "நீ இருக்கிற தைரியத்துலதான் எம்பிள்ளை கண்ணு மூடித் தூங்குது" என்றாள்.

அதன் பிறகுதான் மூத்த கொம்பருக்குப் புத்தி வேலை செய்தது. தேன் ஒழுகப் பேசினார். "தாயி, நீ ஏன் ஓரத்துல கெடந்து அல்லாடுற? குட்டியோட நடுவுல வந்து மேயி. புலி அங்க எட்டிக்கூடப் பாக்காது. கத்த மட்டும் கூடாது, அவ்வளவுதான்."

கோணக்காதி குட்டியைப் பார்த்தாள். அதன் எலும்பை எண்ணிவிடலாம். என்ன செய்வாள் பாவம், போனாள். நீங்களானால் போயிருக்க மாட்டீர்களா?

மூன்றாம் நாளும் புலி வந்தது. முதலில் மோப்பம் பிடித்தவள் கோணக்காதிதான். ஓரத்தில் தவிட்டியின் குட்டி புதரை ஒட்டித் துள்ளிக்கொண்டிருந்தது. குரல் தொண்டை வரை வந்துவிட்டது. மூத்த கொம்பர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலை விழுங்கிவிட்டாள்.

ஓரத்தில் ஓர் அலறல் எழுந்து அடங்கியது. பிறகு தவிட்டி கதறுவது கேட்டது. நடுவில் ஒருவரும் தலை தூக்கவில்லை.

"அம்மா, உனக்குத் தெரிஞ்சுதே, ஏன் கத்தலே?" என்றது குட்டி.

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் கோணக்காதி.

ஊருக்காகக் குரல் கொடுப்பவரைத் தம் பந்தியில் உட்காரவைத்துக்கொண்டால் போதும், வலியவர்கள் ஊரையே புலிக்குக் கொடுத்துவிடலாம்.